கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்தினால் சாலையில் உயிர் போகுமா?

ஓஎம்ஆரில் அமெரிக்க கிளையன்டுக்கு வேலை பார்ப்பவர்களுக்கு இது வருடா வருடம் நடக்கிற கூத்து. மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு முடிந்து வரும் திங்கள்கிழமை. நியூயார்க் நேரம் காலை 9 மணிக்கு நடக்கும் மீட்டிங், அதுவரை நமக்கு இரவு 7.30. அன்றைக்கு மட்டும் காலண்டரில் சத்தமே இல்லாமல் 6.30-க்கு ஏறி உட்கார்ந்திருக்கும். கவனிக்காதவர் கீழே டீ குடிக்கப் போயிருப்பார். போன் அடிக்கும். “எங்கே இருக்கீங்க? எல்லாரும் லைன்ல வெயிட் பண்றாங்க.”

நமக்கு இது மீட்டிங் குழப்பம், அவ்வளவுதான். அந்த லைனின் மறுமுனையில் இருப்பவர்களுக்கு விஷயம் வேறு. அவர்கள் ஊரில் ஞாயிறு அதிகாலை எல்லாக் கடிகாரங்களும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டிருக்கும். திங்கள் காலை அலாரம் அடிக்கும்போது கடிகாரம் 6 என்று காட்டும். உடம்போ “இல்லை, மணி 5 தான்” என்று அடம்பிடிக்கும். அந்த அரைத்தூக்கத்தோடு கோடிக்கணக்கானவர்கள் ஒரே காலையில் கார் சாவியைக் கையில் எடுப்பார்கள். அந்த ஒரு வாரத்தில் அமெரிக்கச் சாலைகளில் உயிர் போகும் விபத்துகள் சுமார் 6 சதவீதம் கூடுகின்றன என்கிறது ஓர் ஆய்வு.

ஒரு மணி நேரம்தானே, அதற்கா இவ்வளவு என்று தோன்றலாம். மதுரைக்குப் போகும் பஸ்ஸில் அதைவிட அதிகத் தூக்கத்தை நாம் தொலைத்திருக்கிறோம். ஆனால் இந்த விவகாரத்தில் தூக்கம் பாதிக் கதைதான். மீதிப் பாதி வெளிச்சம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான், கடிகாரத்தை மாற்றும் நாடுகளே பல ஆண்டுகளாக ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவிக்கின்றன.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

இதற்குப் பெயர் பகலொளி சேமிப்பு நேரம். ஐரோப்பாவில் ‘கோடை நேரம்’ என்பார்கள். முதல் உலகப் போரின்போது நிலக்கரியை மிச்சப்படுத்த ஜெர்மனி 1916 ஏப்ரல் 30 அன்று தொடங்கி வைத்தது. அடுத்த சில வாரங்களில் பிரிட்டனும் சேர்ந்துகொண்டது. கோடையில் சூரியன் அதிகாலையிலேயே உதித்துவிடுகிறது, மக்களோ தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டால் அந்த வீணாகும் காலை வெளிச்சம் மாலைக்கு வந்துவிடும், விளக்கு எரிக்கும் செலவு குறையும். கணக்கு இவ்வளவுதான்.

இன்று அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணி, நேராக 3 மணி ஆகிவிடும். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணி, மறுபடி 1 மணி ஆகும். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. இரண்டு இடத்துக்கும் தேதி வேறு என்பதால், லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆள் வைத்திருக்கும் டீம்களுக்கு மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் தலைவலி இரட்டிப்பு.

நமக்கு ஏன் இது இல்லை? தேவை இல்லை என்பதுதான் பதில். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சென்னையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. இருந்தாலும் நம் பக்கமும் இந்த ஆசை விட்டுவைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. இலங்கை 1996-ல் மின்தட்டுப்பாடு வந்தபோது கடிகாரத்தை முன்னே தள்ளியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது.

உடம்புக்குள் இருக்கும் கடிகாரம்

நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடல் சூடு ஏற வேண்டும், எப்போது விழிப்பு வர வேண்டும் என்று அது தீர்மானிக்கிறது. அதன் ஒரு சுற்று சரியாக 24 மணி நேரம் இல்லை, கொஞ்சம் கூடுதல். அதை ஒவ்வொரு நாளும் சரிசெய்து வைப்பது காலை வெளிச்சம். அரசாணையைப் பார்த்து அது மாறாது. சுற்று 24 மணி நேரத்துக்கு மேல் என்பதால், தாமதமாகத் தூங்கு என்றால் உடம்பு எளிதாகக் கேட்கும். சீக்கிரம் தூங்கு என்றால் கேட்காது. மார்ச் மாற்றம் கேட்பது இந்த இரண்டாவது வேலையைத்தான். இரவு 10 மணிக்குப் படுக்கிறவரை 9 மணிக்கே படுக்கச் சொல்வது போல. படுப்பார், தூக்கம் வராது. ஆனால் அலாரம் மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகவே அடித்துவிடும்.

எவ்வளவு தூக்கம் போகிறது? அமெரிக்கர்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்ற அரசுக் கணக்கெடுப்பை வைத்து கிறிஸ்டோபர் பார்ன்ஸ், டேவிட் வாக்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-ல் பார்த்தார்கள். மார்ச் மாற்றத்துக்குப் பிந்தைய இரவில் சராசரியாக 40 நிமிடம் குறைவு. அதே ஆய்வில் சுரங்கத் தொழிலாளர்களின் விபத்துப் பதிவுகளையும் புரட்டினார்கள். அந்தத் திங்கள்கிழமை மட்டும் காயம்படுவது 5.7 சதவீதம் கூடியிருந்தது. நவம்பரில் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கிறதே, அப்போது விபத்து குறைந்ததா? இல்லை.

40 நிமிடம் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஏழெட்டு மணி நேரம் தூங்குகிறவருக்கு அது சின்ன விஷயம்தான். ஏற்கெனவே ஐந்தரை மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு? அமெரிக்காவின் ஏஏஏ அறக்கட்டளை 2016-ல் வெளியிட்ட அறிக்கை இதற்குப் பதில் தருகிறது. முந்தைய 24 மணி நேரத்தில் ஏழு மணி நேரமாவது தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், 5 முதல் 6 மணி நேரம் தூங்கியவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு. 4 முதல் 5 மணி நேரம் என்றால் நான்கு மடங்குக்கும் மேல். ஐந்தரையிலிருந்து 40 நிமிடத்தைக் கழித்தால் எந்த வரிசைக்கு வந்து விழுகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து தூங்கினால்தான் ஆபத்து என்பதில்லை. கண் திறந்திருக்கும்போதே மூளை இரண்டு மூன்று விநாடி அணைந்து எரியும். ஓட்டுகிறவருக்கே அது தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடும். மூன்று விநாடி என்றால் 66 மீட்டர். அவ்வளவு தூரமும் டிரைவர் இல்லாத கார்.

ஆய்வாளர்களுக்கு இது ஏன் அல்வா?

தூக்கம் கெட்டால் விபத்து கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். நிரூபிப்பதுதான் கஷ்டம். ஒரு நாட்டு மக்கள் மொத்தப் பேரையும் ஒரே இரவில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுப்பிவிட்டு “வண்டி ஓட்டுங்கள், பார்க்கலாம்” என்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்ல முடியாது. அரசாங்கமே அதை ஆண்டுதோறும் செய்து தருகிறது. அதனால்தான் இந்த ஒரு வாரத்தின் மீது இத்தனை ஆராய்ச்சிகள்.

கனடாவின் உளவியலாளர் ஸ்டான்லி கோரென் 1991, 1992 ஆண்டுகளின் விபத்துப் பதிவுகளை எடுத்துப் பார்த்து, வசந்தகால மாற்றத்துக்குப் பிந்தைய திங்கள்கிழமை விபத்துகள் சுமார் 8 சதவீதம் கூடுவதாக 1996-ல் எழுதினார். இரண்டே ஆண்டுக் கணக்கு என்பதால் கேள்விகள் வந்தன. ஸ்வீடனில் 1984 முதல் 1995 வரையிலான பதிவுகளைப் பார்த்தவர்கள், அப்படி எதுவும் பெரிதாகத் தெரியவில்லை என்றார்கள். மார்ச் மாதத்தில் வானிலை மாறும், விடுமுறை வரும், போக்குவரத்து கூடும். விபத்து கூடியதற்குக் கடிகாரம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் 2007 உதவிக்கு வந்தது. அதுவரை அமெரிக்காவில் கடிகாரம் ஏப்ரல் முதல் ஞாயிறு மாறிக்கொண்டிருந்தது. புதிய எரிசக்திச் சட்டம் அதை மார்ச்சுக்கு இழுத்தது. வானிலையோ விடுமுறையோ காரணம் என்றால், தேதி மாறினாலும் விபத்து ஏப்ரலிலேயே கூட வேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் செலின் வெட்டர் குழுவினர் 1996 முதல் 2017 வரை நடந்த 7,32,835 உயிர்பலி விபத்துகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 2007-க்கு முன் ஏப்ரலில் இருந்த அந்தச் சின்னக் குன்று, 2007-க்குப் பின் அப்படியே மார்ச்சுக்கு நகர்ந்திருந்தது. கடிகாரம் போன இடத்துக்கு விபத்தும் பின்னாலேயே போயிருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் இதைவிடக் கச்சிதமான சாட்சி கிடைக்காது.

2020-ல் வெளியான அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. காலை நேரத்தில் விபத்து கூடுவதற்கு இருட்டும் காரணமாக இருக்கலாம். கடிகாரத்தை முன்னே தள்ளியதும் காலை இருட்டாகிவிடுகிறதே. ஆனால் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும் பிற்பகலிலும் விபத்து கூடியிருந்தது. அடுத்த வாரமே அந்த ஏற்றம் தணிந்தும் விட்டது. இரண்டும் தூக்கத்தைத்தான் கைகாட்டுகின்றன. பொருளாதார ஆய்வாளர் ஆஸ்டின் ஸ்மித் வேறு வழியில் கணக்குப் போட்டு 2016-ல் வெளியிட்ட எண்ணும் கிட்டத்தட்ட இதே: 5.6 சதவீதம்.

இன்னொரு நுணுக்கமும் அதில் வெளிவந்தது. ஒரே நேர மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் வாழ்பவர்களுக்கு ஆபத்து அதிகம். பாஸ்டனும் இண்டியானாபொலிஸும் ஒரே கடிகாரத்தில் ஓடும் ஊர்கள். ஆனால் பாஸ்டனில் உதிக்கும் சூரியன் இண்டியானாபொலிஸுக்கு வர சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆபீஸ் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்பது மணிக்கே. மேற்கே இருப்பவர் வருடம் முழுவதும் கொஞ்சம் தூக்கக் கடனில்தான் வாழ்கிறார். மார்ச் மாற்றம் அதன் மேல் வட்டி.

28 பேரா, 180 பேரா?

இதுவரை படித்தவர்களுக்கு, கடிகாரத்தை மாற்றுவதை நிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். செய்திகளும் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. நான் இங்கேதான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

கொலராடோ ஆய்வின் கணக்குப்படி, மார்ச் மாற்றம் இல்லாவிட்டால் ஆண்டுக்குச் சுமார் 28 உயிர்பலி விபத்துகளைத் தவிர்க்கலாம். ஒவ்வொரு உயிரும் உயிர்தான். ஆனால் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 40 ஆயிரம் பேர் சாலையில் இறக்கிறார்கள். அதோடு வைத்துப் பார்த்தால் 28 சிறிய எண். பெரிய எண் வேறொரு பக்கம் ஒளிந்திருக்கிறது. அது இருட்டு.

நவம்பர் மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை 5.30-க்கு ஆபீஸிலிருந்து வெளியே வந்தால் இன்னும் வெளிச்சம் இருக்கும். கடிகாரம் மாறிய பிறகு, திங்கள்கிழமை அதே 5.30-க்கு வெளியே வந்தால் இருட்டு. இடையில் கண்ணுக்குப் பழக்கமாக ஒரு நாள்கூடக் கிடையாது. காலையில் சாலை வெளிச்சமாகி விபத்து குறைகிறது. மாலையில் இருட்டாகிக் கூடுகிறது. மொத்தக் கூட்டலில் ஒன்றுக்கொன்று கழிந்துவிடுவதால் நவம்பரில் பாதிப்பே இல்லை என்பது போலத் தெரியும். மாலையில் நடந்து போகிறவருக்கு அந்தக் கூட்டல் உதவாது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் சல்லிவன், மைக்கேல் ஃபிளனகன் இருவரும் இந்தக் கடிகார மாற்றத்தையே ஒரு விளக்கு சுவிட்ச் போலப் பயன்படுத்தினார்கள். அதே நேரம், அதே போக்குவரத்து. மாறியது வெளிச்சம் மட்டும். இருட்டில் பாதசாரிகளுக்கு ஆபத்து மூன்று மடங்கு முதல் ஆறே முக்கால் மடங்கு வரை கூடுவதாக 2002-ல் அவர்கள் கண்டார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. கார்களுக்கு விளக்கு இருக்கிறது, எதிரே வருகிற கார் தெரியும். நடந்து போகிறவருக்கு விளக்கு இல்லை. டிப் செய்த ஹெட்லைட் வெளிச்சத்தில் கருப்பு ஜாக்கெட் போட்டவர் கண்ணில் படுவதற்குள் பிரேக் பிடிக்க நேரம் போதாது. இதில் இன்னொரு கொடுமை, நடப்பவருக்கு அந்தக் கார் நன்றாகத் தெரிகிறது. எனக்கு அவரைத் தெரிகிறதே, அவருக்கும் என்னைத் தெரியும் என்ற நம்பிக்கையில் அவர் காலை எடுத்து வைக்கிறார்.

காலை இருட்டும் இருட்டுதானே, மாலை மட்டும் என்ன விசேஷம்? மாலையில் சாலையில் ஆள் அதிகம். வேலை முடிந்து களைத்தவர்கள், கடைக்குப் போகிறவர்கள், விளையாடிவிட்டு வரும் பிள்ளைகள், இரண்டு பெக் போட்டுவிட்டு வண்டி எடுப்பவர்கள். காலையில் இத்தனை கலவை கிடையாது. ஆகவே ஒரு மணி நேர வெளிச்சத்தைக் காலையிலிருந்து எடுத்து மாலைக்குக் கொடுத்தால், காலையில் போகும் உயிர்களைவிட மாலையில் பிழைக்கும் உயிர்கள் அதிகம். சூசன் ஃபெர்குசன் தலைமையிலான குழு 1995-ல் இதற்குக் கணக்குப் போட்டது. 1987 முதல் 1991 வரை ஐந்து ஆண்டுகளும் குளிர்காலத்திலும் கோடை நேரமே தொடர்ந்திருந்தால், 901 உயிர்பலி விபத்துகள் குறைந்திருக்கும். அதில் 727 பாதசாரிகள் சம்பந்தப்பட்டவை. ஆண்டுக்குச் சராசரியாக 180.

அந்த 28-ஐயும் இந்த 180-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு காலம், வெவ்வேறு முறை. அப்படியே கூட்டிக் கழிக்க முடியாது. ஆனாலும் எது பெரிய பிரச்சினை என்று தெரிகிறது. தலைப்புச் செய்தியில் மார்ச் திங்கள்கிழமை. ஆள் செத்துக்கொண்டிருப்பது நவம்பர் தொடங்கி வரும் இருட்டு மாலைகளில்.

மனிதர்கள் மட்டுமல்ல, மான்களும்தான். மான்கள் அதிகமாக நடமாடுவது அந்தி நேரத்தில். நவம்பரில் ஆபீஸ் விட்டு வரும் டிராஃபிக் சரியாக அந்த நேரத்தில் போய் விழுகிறது. அது மான்களின் இனச்சேர்க்கைக் காலமும்கூட. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட கணக்குப்படி, கடிகாரம் மாறிய வாரத்தில் மான் மீது வாகனம் மோதுவது 16 சதவீதம் கூடுகிறது. ஆண்டு முழுக்கக் கோடை நேரமே இருந்தால் 36,550 மான்களும் 33 மனிதர்களும் ஆண்டுதோறும் பிழைப்பார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு.

அப்படியென்றால் கோடை நேரத்தையே நிரந்தரமாக்கிவிடலாமே?

செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு முறை அல்ல.

பிரிட்டன் 1968 அக்டோபர் முதல் 1971 அக்டோபர் வரை மூன்று ஆண்டுகள் கடிகாரத்தைப் பின்னே திருப்பவே இல்லை. டிசம்பரில் லண்டனில் சூரியன் உதிக்கவே காலை 9 மணி தாண்டியது. ஸ்காட்லாந்தின் வட முனையில் 10 மணி. பிள்ளைகள் கையில் ஒளிரும் பட்டை கட்டிக்கொண்டு இருட்டில் பள்ளிக்கூடம் போனார்கள். காலை விபத்துகள் கூடின; மாலை விபத்துகள் அதைவிட அதிகமாகக் குறைந்தன. முதல் இரண்டு குளிர்காலங்களில் உயிரிழந்தவர்களும் படுகாயமடைந்தவர்களுமாகச் சுமார் 2,500 பேர் குறைந்ததாகக் கணக்கு. அதில் ஒரு சிக்கல் உண்டு. 1967 அக்டோபரில்தான் அங்கே மூச்சுக்கருவி வைத்துக் குடிபோதை ஓட்டுநர்களைப் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். குறைவுக்கு அதுவும் ஒரு காரணம். அதன் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்த பிற்கால ஆய்வுகளும், மொத்தத்தில் உயிர்கள் மிச்சம் என்றே சொல்கின்றன.

ஆனால் 1970 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது 366-க்கு 81 என்று திட்டம் தோற்றது.

அமெரிக்காவில் கதை இன்னும் வேகமாக முடிந்தது. எண்ணெய் நெருக்கடியைச் சமாளிக்க அதிபர் நிக்சன் கையெழுத்துப் போட்டு, 1974 ஜனவரி 6 அன்று நடுக்குளிர்காலத்தில் கடிகாரம் முன்னே தள்ளப்பட்டது. திட்டம் வருவதற்கு முன் 79 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். பிப்ரவரியில் அது 42 சதவீதம். காரணம், இருட்டில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் மீது வாகனங்கள் மோதிய செய்திகள். புளோரிடா ஆளுநர் ரூபின் அஸ்க்யூ, சட்டத்தையே திரும்பப் பெறுங்கள் என்று கேட்டார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே குளிர்காலத்துக்குப் பழைய நேரம் திரும்பிவிட்டது.

இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான். காலையில் அடிபட்ட பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, அழும் அம்மா இருக்கிறார். மாலையில் வெளிச்சம் இருந்ததால் அடிபடாமல் வீட்டுக்குப் போனவருக்குத் தான் தப்பித்ததே தெரியாது. அவரைப் பேட்டி எடுக்க எந்த நிருபரும் போகப்போவதில்லை. அந்தப் பெற்றோர்களின் கோபத்தையும் தவறு என்று சொல்ல முடியாது. மொத்தக் கணக்கில் லாபம் என்பதற்காக என் பிள்ளையை இருட்டில் அனுப்புங்கள் என்றால் யார்தான் சம்மதிப்பார்?

தூக்க மருத்துவர்களுக்கும் ஆட்சேபம் இருக்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம், கடிகார மாற்றம் வேண்டாம் என்கிறது. ஆனால் நிரந்தரமாக்க வேண்டியது குளிர்கால நேரத்தை என்கிறது. உடல் கடிகாரத்துக்குக் காலை வெளிச்சம்தான் சாவி. அதை ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால், மார்ச் வாரத்து அரைத்தூக்கம் எல்லா நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரும் என்பது அவர்கள் வாதம். ரஷ்யா 2011-ல் கோடை நேரத்தை நிரந்தரமாக்கி, இருட்டுக் காலைகளைப் பற்றிய புலம்பல் தாங்காமல் 2014-ல் குளிர்கால நேரத்துக்கு மாறிக்கொண்டது.

இப்போது நிலைமை என்ன?

எல்லாரும் மாற்றத்தை நிறுத்த வேண்டும் என்கிறார்கள். எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில்தான் சண்டை. ஐரோப்பிய ஆணையம் 2018-ல் கருத்துக் கேட்டபோது 46 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள். 84 சதவீதம் பேர் போதும் என்றார்கள். 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 410-க்கு 192 என்று ஒழிக்க வாக்களித்தது. 2021-ல் கடைசி மாற்றம் என்றார்கள். உறுப்பு நாடுகளுக்குள் உடன்பாடு வராமல் கிடப்பில் கிடக்கிறது. அமெரிக்க செனட் 2022 மார்ச்சில், கடிகாரம் மாறிய அதே வாரத்தில், கோடை நேரத்தை நிரந்தரமாக்கும் மசோதாவை எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. கீழவை அதை எடுக்கவே இல்லை. நம்மவர்கள் அதிகம் இருக்கும் டொரன்டோவை உள்ளடக்கிய ஒன்டாரியோ மாகாணம் 2020-லேயே சட்டம் போட்டு வைத்திருக்கிறது. பக்கத்து கியூபெக்கும் நியூயார்க்கும் மாறினால் நாங்களும் மாறுகிறோம் என்று. மெக்சிகோ மட்டும் 2022 அக்டோபரில் நாட்டின் பெரும்பகுதியில் இந்தப் பழக்கத்துக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டுவிட்டது.

உங்களுக்கு இதில் என்ன?

மாஸ்டர்ஸ் படிக்கவோ ஆன்சைட்டிலோ புதிதாக அந்த நாடுகளுக்குப் போனவர்களுக்கு இது நேரடி விஷயம். மார்ச் மாற்றத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே தினமும் 15, 20 நிமிடம் முன்னதாகப் படுக்கப் போகச் சொல்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். அந்த ஞாயிறு, திங்கள் நீண்ட தூர டிரைவ் இருந்தால் தள்ளிப்போடலாம். நவம்பரில் கவனம் வேறு: கார் இல்லாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகிற முதல் வருட மாணவர்கள்தான் அந்த 727 கணக்கில் வருகிற பாதசாரிகள். குளிர்கால ஜாக்கெட் வாங்கும்போது பெரும்பாலானவர்கள் எடுப்பது கருப்பு. கையில் மாட்டும் ஒளிரும் பட்டை ஒன்று மலிவாகக் கிடைக்கும். அல்லது போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கிராஸ் பண்ணலாம்.

இங்கே இருந்துகொண்டு அந்த நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு? நம் ஊர்ச் சூரியன் மாறுவதில்லை, ஷிஃப்ட் மாறுகிறது. நவம்பரில் எல்லா மீட்டிங்கும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். இரவு 1.30-க்கு முடிந்த வேலை 2.30-க்கு முடியும். காலையில் பால்காரர், பிள்ளையின் ஸ்கூல் வேன், அம்மாவின் மாத்திரை எல்லாம் பழைய நேரத்துக்கே வரும். ஆக அந்த ஒரு மணி நேரம் போவது தூக்கத்திலிருந்துதான். அதிகாலை 2 முதல் 6 மணி வரை உடல் கடிகாரம் மிகவும் தளர்ந்திருக்கும் நேரம். கேப் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பைக்கில் கிளம்புகிறவர்கள் கிளம்புவதும் அப்போதுதான். அது உங்கள் தூக்கத்தை மட்டும் பொறுத்ததும் அல்ல. கேப் டிரைவர் அண்ணனுக்கும் டிரிப் அட்டவணை அன்றைக்குத்தான் மாறியிருக்கும். அவருக்குக் காலண்டர் இன்வைட் வருவதில்லை.

வெளிச்சக் கணக்கு இங்கேயும் பொருந்தும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் விபத்துகள் அதிகம் நடக்கும் நேரம் வருடா வருடம் ஒன்றேதான்: மாலை 6 முதல் இரவு 9 வரை. ஐந்தில் ஒரு விபத்து அந்த மூன்று மணி நேரத்தில். நம் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. இருட்டும் ஆபீஸ் விடும் நேரமும் இங்கே தினமுமே ஒன்றாக வருகின்றன.

நவம்பர் முதல் ஞாயிறு முடிந்த திங்கள்கிழமை, மீட்டிங் மறுபடி 7.30-க்குப் போகும். பழைய ஞாபகத்தில் 6.30-க்கே லாகின் செய்தால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நியூ ஜெர்சியில் அப்போது மணி காலை 8. உங்கள் மேனேஜர் வெளிச்சமான சாலையில்தான் ஆபீஸுக்கு வந்துகொண்டிருப்பார். அன்று மாலை அவர் திரும்பும்போது இருட்டியிருக்கும்.